கட்டிக்கிடக்கும் படகும் எட்டுக்கால் பூச்சியும்

கேள்வி: காசிமேட்டில் எங்களுக்கு ஒரு விசைப்படகு இருக்கிறது. அப்பாவுக்கு வயதாகிவிட்டதால் இப்போது நான்தான் பார்த்துக்கொள்கிறேன். மீன்பிடித் தடைக்காலம் தொடங்கியதிலிருந்து படகு துறைமுகத்தில் கட்டியே கிடக்கிறது. காலையில் போய்ப் பார்த்தால் கேபின், கைப்பிடிக் கம்பி, மீன்வலை இழுக்கும் வின்ச், விளக்கு என்று எங்கே பார்த்தாலும் எட்டுக்கால் பூச்சி வலை. அடித்துச் சுத்தம் செய்தால் மறுநாள் அதே இடத்தில் மறுபடியும் இருக்கிறது. போன வருஷம் செலவு செய்து போட்ட வெள்ளை ஃபைபர் கோட்டிங் முழுக்கக் கறுப்பும் வெள்ளையுமாகப் புள்ளி. ராத்திரிக் காவலுக்குப் படுக்கும் பையனுக்குக் கழுத்தில் கோடு இழுத்த மாதிரி கொப்புளம். எட்டுக்கால் பூச்சி மூத்திரம் பட்டதுதான் என்கிறார்கள். வயலுக்கு அடிக்கிற மருந்தை மண்ணெண்ணெயில் கலந்து படகு முழுக்க அடித்தால் ஒரே நாளில் தீர்ந்துவிடும் என்று பக்கத்துப் படகுக்காரர் சொல்கிறார். அடிக்கலாமா? எவ்வளவு கலக்க வேண்டும்?
(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட காசிமேட்டு வாசகர்)

பதில்: அடிக்க வேண்டாம் தம்பி. ஒரு சொட்டுக்கூடக் கலக்க வேண்டாம். பூச்சி மருந்து அடித்துப் பிழைப்பவனே இப்படிச் சொல்வது உங்களுக்கு வேடிக்கையாக இருக்கலாம். ஆனால் மருந்து எங்கே வேலை செய்யும், எங்கே செய்யாது என்று தெரிந்துவைத்திருப்பதும் என் தொழில்தான். உங்கள் படகில் அது வேலை செய்யாது. ஏன் என்று பிறகு சொல்கிறேன். முதலில், நீங்கள் எழுதாமல் விட்ட ஒரு விஷயத்தைப் பார்ப்போம்.

பையன் காவலுக்குப் படுக்கிறான் என்கிறீர்கள். அப்படியானால் ராத்திரி முழுக்க ஒரு விளக்கு எரிகிறது. அது அநேகமாக வெள்ளை டியூப் லைட்டாகவோ வெள்ளை எல்.இ.டி.யாகவோ இருக்கும், கேபின் வாசலுக்கு மேலே தொங்கும். உங்கள் தொல்லையின் வேர் அங்கேதான் இருக்கிறது.

எட்டுக்கால் பூச்சிக்கு வேண்டியது இரை, உங்கள் படகு அல்ல. வெளிச்சத்தைச் சுற்றிக் கொசுவும் ஈசலும் அந்துப்பூச்சியும் மொய்க்கின்றன, அவற்றைத் தேடி அது வருகிறது. தொழில் நடக்கும் நாட்களில் படகு ஓடும் காற்று, மேலே அடிக்கும் கடல் தண்ணீர், எஞ்சின் அதிர்வு, ஆள் நடமாட்டம் எல்லாம் சேர்ந்து வலையை நிற்க விடாது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் அதெல்லாம் கிடையாது. முன்பு 45 நாளாக இருந்ததை 2017-ல்தான் 61 ஆக்கினார்கள். எட்டுக்கால் பூச்சியின் கணக்கில் இது நல்ல நீளமான காலம். வந்து குடியேறி, முட்டையிட்டு, குஞ்சுகள் வெளிவந்து பரவுவதற்குப் போதும். தவிர, காசிமேட்டில் தடைக்காலத்தில் படகுகள் எப்படி நிற்கும் என்று உங்களுக்கே தெரியும். ஒன்றோடு ஒன்று உரசிக்கொண்டு வரிசை வரிசையாக, கயிறு மேல் கயிறாகக் கட்டியிருக்கும். கடைசிப் படகிலிருந்து முதல் படகு வரைக்கும் எட்டுக்கால் பூச்சி கால் நனையாமல் நடந்தே வந்துவிடலாம்.

வெளிச்சத்துக்கும் சிலந்திக்கும் உள்ள உறவை வியன்னாவில் ஆராய்ந்து பார்த்திருக்கிறார்கள். அங்கே டான்யூப் கால்வாயின் மேல் ஒரு நடைபாலம். கைப்பிடிகளில் விளக்கு உள்ள பகுதியும் உண்டு, விளக்கில்லாத பகுதியும் உண்டு. விளக்குள்ள பக்கத்தில்தான் சிலந்திகள் நெருக்கியடித்து வலை பின்னியிருந்தன. ஆய்வுக்கூடத்தில் பிறந்து வளர்ந்த சிலந்திகளை விட்டுப் பார்த்தபோது அவையும் வெளிச்சமான இடத்தையே தேடிப் போயின. 1999-ல் வெளியான ஆய்வு இது. அங்குள்ள இனம் வேறு, நம்மூர் இனம் வேறுதான். ஆனால் காசிமேட்டு ஜெட்டியில் ராத்திரி ஒரு நடை போய் எந்த விளக்கடியில் வலை அதிகம் என்று பார்த்தால், அந்த ஆய்வை நீங்களே நடத்தி முடித்த மாதிரிதான்.

ஆகவே முதல் செலவு விளக்குக்கு. பூச்சிகளின் கண்ணை அதிகம் இழுப்பது புற ஊதாவும் நீலமும் கலந்த வெளிச்சம். மஞ்சள் வெளிச்சத்துக்கு அவ்வளவாக வராது. கடையில் பல்பு வாங்கும்போது அட்டையைப் பாருங்கள். 6500 கெல்வின் என்று போட்டிருந்தால் வெள்ளை, வேண்டாம். 2700 கெல்வின் அல்லது 'வார்ம் ஒயிட்' என்று இருந்தால் வாங்குங்கள். அதையும் கேபின் வாசலிலேயே மாட்டாதீர்கள். விளக்கு படகில் இருக்க வேண்டியதில்லை, வெளிச்சம் படகின் மேல் விழுந்தால் போதும். கரைப்பக்கம் ஒரு கம்பத்தில் மாட்டி, படகை நோக்கித் திருப்பி வையுங்கள். பூச்சி விளக்கைச் சுற்றும், வலையும் அந்தக் கம்பத்தைச் சுற்றி விழும். கம்பத்துக்கு வழியில்லை என்றால், ஆள் அசைந்தால் மட்டும் எரிகிற சென்சார் விளக்கு இப்போது எலெக்ட்ரிக்கல் கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கிறது. திருட்டுக்குப் பயந்துதான் விளக்குப் போடுகிறோம் என்றால் அது இன்னும் நல்லது. எரிந்துகொண்டே இருக்கிற விளக்கைவிட, திடீரென்று எரிகிற விளக்குக்குத்தான் திருடன் திடுக்கிடுவான்.

ஒன்று மட்டும் கவனம். இடப்பக்கச் சிவப்பு, வலப்பக்கப் பச்சை, மேலே உள்ள வெள்ளை ஆகிய பயண விளக்குகளில் கை வைக்காதீர்கள். நான் சொல்வது துறைமுகத்தில் கட்டிக்கிடக்கும்போது எரியும் காவல் விளக்கை மட்டும்.

பக்கத்துப் படகில் வெள்ளை விளக்கு எரிந்தால் என்ன செய்வது? முடிந்தால் வரிசையில் உள்ளவர்களிடம் பேசிப் பாருங்கள். எல்லோருக்கும் ஒரே தொல்லைதானே. அவர் மாற்ற மாட்டேன் என்றால் பூச்சிகளில் பாதி அங்கே போய்விடும். மண்ணெண்ணெய் யோசனை சொன்னவரின் படகாக அது இருந்தால் எனக்கு அதில் பெரிய வருத்தம் இல்லை.

சரி, ஏற்கெனவே வந்து குடியேறியவற்றை என்ன செய்வது? இங்கேதான் நேரம் முக்கியம். நீங்கள் காலையில் போய் வலையை அடிக்கிறீர்கள். காலையில் அங்கே இருப்பது வெறும் வலை. அதைப் பின்னியவள் (வலையில் நீங்கள் பார்க்கும் பெரியது பெரும்பாலும் பெண்தான்) விடிவதற்குள் கேபின் கூரையின் அடிப்பக்கத்திலோ கம்பி இடுக்கிலோ போய் முடங்கிவிட்டாள். சக்கரம் போல வலை பின்னும் இந்த ராத்திரி வகை, இருட்டியதும் வெளியே வந்து ஒரு மணி நேரத்துக்குள் புது வலை போட்டுவிடும். பழைய வலையின் நூலைத் தின்று, அந்தப் புரதத்தையே மறுபடியும் நூலாக்கிக்கொள்ளும். அதனால் காலையில் நீங்கள் அடிப்பது அதற்கு ஒரு நஷ்டமே இல்லை.

திருவானைக்கா தலபுராணம் நினைவிருக்கும். லிங்கத்தின் மேல் சருகு விழாமல் சிலந்தி வலைப்பந்தல் போட, யானை வந்து அதைக் கலைக்கும். மறுநாள் சிலந்தி மறுபடியும் பின்னும். கடைசியில் சிலந்தி துதிக்கைக்குள் புகுந்து கடித்து, இரண்டும் உயிரை விட்டன, சிலந்தி கோச்செங்கட் சோழனாகப் பிறந்தது என்பது கதை. வலையை மட்டும் கலைத்துக்கொண்டிருந்தால் யானைக்கே கட்டுப்படியாகவில்லை. உங்கள் ஒட்டடைக் குச்சி எந்த மூலைக்கு?

ராத்திரி எட்டு மணிக்கு மேல் போங்கள். தனியாக வேண்டாம், இருட்டில் படகு விட்டுப் படகு தாண்டும் வேலை. ஒருவர் கையில் டார்ச், இன்னொருவர் கையில் ஒரு பக்கெட்டும் நீளமான பிரஷும். பக்கெட்டில் கால்வாசித் தண்ணீர் ஊற்றி, பாத்திரம் கழுவும் சோப்புத் திரவம் கொஞ்சம் கலந்துகொள்ளுங்கள். வெறும் தண்ணீரில் மிதந்து ஏறிவிடும், சோப்பு இருந்தால் மூழ்கும். டார்ச்சை நேராக அடித்தால் வலை தெரியாது. பக்கவாட்டில் சாய்த்து அடியுங்கள், நூல் ஒவ்வொன்றும் மின்னும். நடுவில் தலைகீழாக அது உட்கார்ந்திருக்கும். இப்போது பக்கெட்டை வலைக்கு நேர் கீழே பிடித்துக்கொண்டு, பிரஷால் வலையின் மேல் ஓரத்தை லேசாகத் தட்டுங்கள். ஆபத்து என்றால் ஒரு நூலைப் பிடித்துக்கொண்டு செங்குத்தாகக் கீழே விழுவது இந்த வகையின் வழக்கம். விழுந்தால் நேரே பக்கெட்டில். கொல்ல மனமில்லாதவர்கள் காய்ந்த பக்கெட்டை மூடியோடு எடுத்துப் போய், விளக்கில்லாத இடமாகப் பார்த்துச் செடிகளில் விட்டுவிட்டு வரலாம். எனக்கு ஆட்சேபணை இல்லை.

முதல் வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள் இப்படிச் செய்யுங்கள். பிறகு வாரம் ஒரு தடவை போதும். காலையில் அடிப்பதை நிறுத்திவிடலாம்.

உங்கள் படகில் இருப்பது எல்லாம் ஒரே வகை இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். கேபினுக்குள் மூலையில், நூல் போல நீண்ட காலும் அரிசி அளவு உடம்புமாகத் தொங்கி, தொட்டால் உடம்பையே கிடுகிடுவென்று ஆட்டுகிறதே, அது வீட்டிலும் ஒட்டடை சேர்க்கிற வகை. அதைப் பகலிலேயே குச்சியால் சுருட்டி எடுக்கலாம், ஓடி ஒளியாது. இன்னொன்று, கேபின் சுவரில் தட்டையாக ஒட்டிக்கொண்டு, காலை விரித்தால் உள்ளங்கை அகலத்துக்கு இருக்கும் பழுப்பு நிறப் பெரியது. கப்பல் சரக்குகளோடு உலகத்தின் வெப்ப நாடுகள் எல்லாவற்றுக்கும் போய்ச் சேர்ந்த பயணி அது. இதைப் பார்த்துத்தான் ஆட்கள் அலறுவார்கள். ஆனால் இது வலையே பின்னாது. ஓடிப்போய்க் கரப்பானைப் பிடித்துத் தின்னும். கையால் பிடித்தால் கடிக்கும், வலிக்கும், அதற்கு மேல் பயம் வேண்டாம். கரப்பான் நிறைந்த ஒரு படகில் இதைக் கொல்வது சம்பளமில்லாத வேலைக்காரனை விரட்டுவதுதான். இருந்தாலும் படுக்கிற இடத்தில் வேண்டாம் என்றால் ஒரு டப்பாவைக் கவிழ்த்து, அடியில் அட்டையைச் சொருகி வெளியே கொண்டுபோய் விடுங்கள்.

பகலில் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது, ஒளியிடங்களைத் தேடுவது. படகோரத்தில் இடி தாங்கத் தொங்கவிட்டிருக்கும் பழைய டயர்களை முதலில் பாருங்கள். டயரின் உள்குழியில் கையை விடாமல் டார்ச் அடித்துப் பார்த்தால் தெரியும். ஒரு டயருக்குள் ஒரு குடும்பமே இருக்கும். கோடை மழை பெய்து தண்ணீர் தேங்கியிருந்தால் கொசுப்புழுவும் அங்கேயே. சாப்பாடும் வீடும் ஒரே இடத்தில் அமைந்துபோகிறது. டயரின் அடிப்பக்கத்தில் பெரிய ஓட்டை போட்டுவிடுங்கள், தண்ணீர் நிற்காது. அடுத்தது வாய் திறந்திருக்கும் கைப்பிடிக் குழாய்கள். அவற்றை மூடி போட்டோ சிலிக்கான் வைத்தோ அடைக்கலாம். மடித்துப்போட்ட தார்ப்பாய், லைஃப் பாயின் பின்பக்கம், வின்ச்சின் அடி, ஒயர்க் கற்றை, குவித்துவைத்த வலை ஆகியவற்றைத் தடைக்காலத்தில் ஒருமுறையாவது எடுத்து உதறி வெயிலில் காய வைக்க வேண்டும். படகைக் கரையேற்றிப் பெயிண்ட் அடிக்கும்போதே இதைச் சேர்த்துச் செய்தால் தனி வேலையாகத் தெரியாது.

அப்போது பஞ்சு உருண்டை போலவோ வெள்ளைத் தட்டு போலவோ ஒட்டிக்கொண்டிருப்பதைக் கண்டால் அது முட்டைப் பை. உள்ளே பத்துக்கணக்கில், சில வகைகளில் நூற்றுக்கணக்கில் முட்டை இருக்கும். பட்டி பார்க்கிற தகட்டால் சுரண்டி, சோப்புத் தண்ணீரில் முக்கி நசுக்கிவிடுங்கள். ஒரு முட்டைப் பையை எடுப்பது ஒரு ராத்திரி முழுக்கத் துரத்துவதைவிட மேல்.

குளவியின் மண்கூடு இருக்கிறதா என்றும் பாருங்கள். வீட்டில் குளவி கூடு கட்டினால் நல்ல சேதி வரும் என்பார்கள். படகில் கட்டினால் சேதி ஒன்றுதான்: எட்டுக்கால் பூச்சி ஏராளம். மண்கூடு கட்டும் அந்தக் குளவி சிலந்திகளைக் கொட்டி மயக்கிக் கூட்டுக்குள் அடைத்து வைத்து, அதன் மேல் முட்டையிடும். கூட்டை உடைத்தால் உள்ளே கால் மடங்கிய சிலந்திகள் வரிசையாகக் கிடப்பதைப் பார்க்கலாம்.

இவ்வளவும் செய்த பிறகு இனி ஒன்றுகூட வராதா என்று கேட்பீர்கள். வரும். கட்டுக்கயிற்றில் கிரீஸ் தடவினால் வராது என்று சிலர் சொல்வார்கள். எட்டுக்கால் பூச்சி கயிற்றை மட்டும் நம்பியிருந்தால் அது சரி. சின்னக் குஞ்சுகள் உயரமான இடத்தில் ஏறி நின்று, பின்புறத்தைத் தூக்கி மெல்லிய நூலைக் காற்றில் விட்டு, அதோடு பறந்தே போகும். 1832-ல் பீகிள் கப்பலில் இருந்த டார்வின், தென் அமெரிக்கக் கரையிலிருந்து அறுபது மைல் தள்ளிக் கடலில் நிற்கும்போது, கப்பலின் கயிறுகளில் இப்படிப் பறந்து வந்த குட்டிச் சிலந்திகள் ஆயிரக்கணக்கில் இறங்கியதை எழுதிவைத்திருக்கிறார். காற்று மட்டுமல்ல, வளிமண்டலத்தில் உள்ள மின்புலமும் அவற்றைத் தூக்கிவிடுகிறது என்று 2018-ல் பிரிஸ்டல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காட்டினார்கள். நடுக்கடல் கப்பலுக்கே வருகிற பூச்சி, ஜெட்டியில் கட்டிய படகுக்கு வராமல் இருக்குமா? ஆனால் வந்தவை எல்லாம் தங்குவதில்லை. இரை கிடைக்கிற இடத்தில்தான் தங்கும். அதனால்தான் மீண்டும் மீண்டும் விளக்கைச் சொல்கிறேன்.

இப்போது மருந்துக்கு வருவோம். வயலுக்கு அடிக்கிறது என்றால் சைபர்மெத்ரின் மாதிரி ஏதோ ஒன்றாக இருக்கும். கரப்பானுக்கு இந்த வகை மருந்து நன்றாக வேலை செய்யும். ஏனென்றால் கரப்பான் வயிறு தரையில் உரச ஓடும், பிறகு காலையும் மீசையையும் வாயால் நக்கிச் சுத்தம் செய்யும், மருந்து உள்ளே போய்விடும். எட்டுக்கால் பூச்சி நுனிக்காலில் நடக்கிறது, பாதி நேரம் தன் நூலிலேயே தொங்குகிறது. சுவரில் காய்ந்த மருந்து அதன் மேல் படுவதே குறைவு. நேராக மேலே பட்டால் சாகும்தான். ஆனால் அவ்வளவு கிட்டப் போகிறவருக்கு மருந்து எதற்கு? பிரஷே போதும். முட்டைப் பையின் பட்டு உறைக்குள்ளும் மருந்து எளிதில் போகாது. பத்து நாள் கழித்துக் குஞ்சுகள் வெளிவரும், நீங்கள் மறுபடியும் அடிப்பீர்கள்.

அடித்தது எங்கே போகும் என்பது அடுத்த கேள்வி. மழையிலும் கழுவுகிற தண்ணீரிலும் வழிந்து துறைமுகத்துக்குள் போகும். சைபர்மெத்ரின், டெல்டாமெத்ரின், பெர்மெத்ரின் எல்லாமே மீனுக்குக் கடும் விஷம். இறாலும் நண்டும் பூச்சிக்கு உறவுக்காரர்கள். பூச்சியைக் கொல்கிற மருந்து அவற்றையும் அதே வேகத்தில் கொல்லும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் பரவி அந்தப் பக்கத்துக் குப்பங்கள் பட்ட பாட்டை வடசென்னைக்காரருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நம் பங்குக்கு நாமும் ஊற்ற வேண்டாம். தவிர, நீங்கள் அடிக்கப்போகிற அதே தளத்தில்தான் ஜூன் மாதம் மீனைக் கொட்டிப் பிரிப்பீர்கள், பக்கத்திலேயே ஐஸ் பெட்டி இருக்கும். வயலுக்கு என்று விற்கிற மருந்தை ஆள் படுக்கிற, சமைக்கிற இடத்தில் அடிக்கவே கூடாது. மண்ணெண்ணெயைத் தெளிப்பதைப் பற்றிப் பேசவே வேண்டாம். பேட்டரியும் டீசலும் அடுப்பும் இருக்கிற படகு அது.

எல்லாம் செய்தும் கேபினுக்குள் அடங்கவில்லை என்றால், உரிமம் பெற்ற பூச்சிக் கட்டுப்பாட்டு ஆளைக் கூப்பிடுங்கள். 1968-ம் ஆண்டின் பூச்சிமருந்துச் சட்டத்தின் கீழ் அந்த உரிமம் கட்டாயம், கேட்டு வாங்கிப் பாருங்கள். அவர் கேபினுக்குள் இடுக்குகளில் மட்டும், சொட்டு வழியாமல் வைக்க வேண்டும். வெளித்தளத்தில் அடிக்கிறேன் என்று அவர் சொன்னால் வேறு ஆளைப் பாருங்கள்.

புதினா எண்ணெய், எலுமிச்சை எண்ணெய் என்று இணையத்தில் நிறைய வரும். எலுமிச்சை எண்ணெயைச் சோதித்துப் பார்த்ததில் சிலந்திகள் சட்டையே செய்யவில்லை. புதினா எண்ணெய்க்குச் சில இனங்கள் ஒதுங்கின. ஆனால் அது மூடிய பெட்டிக்குள் நடந்த சோதனை. காசிமேட்டுக் கடல்காற்றில் எவ்வளவு நேரம் நிற்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். அந்துருண்டையை ஆள் தூங்குகிற கேபினில் போடாதீர்கள். எட்டுக்கால் பூச்சிக்கு முன்னால் காவல்காரப் பையனுக்குத் தலை வலிக்கும்.

அந்தப் பையனின் கொப்புளத்துக்கு வருகிறேன். எட்டுக்கால் பூச்சி மூத்திரம் என்று ஊரெல்லாம் சொல்வது வழக்கம், ஆனால் அப்படிக் கொப்புளம் வருவதில்லை. கோடு இழுத்த மாதிரி, ராத்திரி படுத்து எழுந்து ஓரிரு நாளில், கழுத்தில் வந்தால் நான் முதலில் சந்தேகப்படுவது ஒரு வண்டை. ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவாக, ஒல்லியாக, தூரத்துப் பார்வைக்கு எறும்பு மாதிரி இருக்கும். கறுப்பும் ஆரஞ்சும் மாறி மாறி நிறம். வயல், ஈரநிலம் பக்கம் வாழ்வது, வெளிச்சத்துக்குப் பறந்து வரும். கடிக்காது, கொட்டாது. தூக்கத்தில் கழுத்தில் ஊர்வதைக் கையால் தேய்த்து நசுக்கும்போது அதன் உடம்பு நீர் தோலில் இழுபடும். அந்த நீரில் இருக்கும் நச்சுதான் கோடாகக் கொப்புளிக்க வைப்பது. மேலே ஊர்ந்தால் ஊதித் தள்ள வேண்டும், நசுக்கக் கூடாது. நசுங்கிவிட்டால் உடனே சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும், அந்தக் கையால் கண்ணைத் தொடக் கூடாது. இதுவும் வெள்ளை விளக்கின் வேலைதான் என்பதைக் கவனித்தீர்களா? பையனைக் கொசுவலைக்குள் படுக்கச் சொல்லுங்கள்.

ஆனால் நான் பூச்சி பார்க்கிறவன், தோல் பார்க்கிறவன் இல்லை. ஒரு பக்கமாக மட்டும் பட்டை போலக் கொப்புளம், எரிச்சலும் குத்தும் வலியும் இருந்தால் அது அக்கியாகவும் இருக்கலாம். அக்கிக்கு மருந்தை மூன்று நாளுக்குள் தொடங்கினால் நல்ல பலன் கிடைக்கும். காவி எழுதிக்கொண்டு காத்திருக்காமல் இன்றே டாக்டரிடம் அனுப்புங்கள்.

வெள்ளைக் கோட்டிங்கில் உள்ள புள்ளி எட்டுக்கால் பூச்சியின் எச்சம். பெரும்பகுதி குவானின் என்ற பொருள், அது தண்ணீரில் கரையாது, அதனால்தான் தண்ணீர் பீய்ச்சினால் போவதில்லை. கம்பி நாரும் கம்பி பிரஷும் போட்டால் கோட்டிங் கீறிப்போகும், கீறலில் அடுத்த அழுக்கு இன்னும் நன்றாகப் பிடிக்கும். பழைய துணியைச் சோப்புத் தண்ணீரில் நனைத்துப் புள்ளியின் மேல் கால் மணி நேரம் போட்டு வையுங்கள், ஊறியதும் துடையுங்கள். பழசாகிப் பிடித்துப்போனதற்கு வினிகர் தொட்டுத் துடைத்துப் பார்க்கலாம். கழிப்பறை ஆசிடையும் பிளீச்சிங் பவுடரையும் சேர்த்துப் போட்டு யாரும் வீரம் காட்ட வேண்டாம், இரண்டும் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும், மூடிய கேபினில் ஆளைச் சாய்த்துவிடும். சுத்தமானதும் ஒரு கோட் வாக்ஸ் போட்டுவிட்டால் அடுத்த தடவை ஈரத்துணிக்கே வந்துவிடும்.

கடைசியாக நீங்கள் கேட்காத ஒன்று. ஜூன் மாதம் முதல் தடவை கடலுக்குப் போகும் முன் இரண்டு இடங்களைத் திறந்து பாருங்கள். ஒன்று, படகில் சமைக்கிற கேஸ் அடுப்பு. பர்னருக்குக் கீழே கேஸும் காற்றும் கலக்கிற குழாய்க்குள் எட்டுக்கால் பூச்சி கூடு கட்டினால் கேஸ் முன்னால் போக வழியில்லாமல் பின்னால் வந்து, பர்னரில் எரிய வேண்டிய நெருப்பு திருகுப் பக்கம் எரியும். தீ நீலமாக இல்லாமல் மஞ்சளாக எரிந்தாலோ, பர்னரின் ஒரு பக்கம் மட்டும் எரிந்தாலோ உடனே சிலிண்டரை மூடிவிட்டு, பர்னரைக் கழற்றிக் குழாய்க்குள் மெல்லிய பிரஷ் விட்டுச் சுத்தம் செய்யுங்கள். இரண்டு மாதம் சும்மா கிடந்த அடுப்பு என்றால் பற்றவைத்துப் பார்ப்பதற்கு முன்பே இதைச் செய்துவிடுவது நல்லது.

இன்னொன்று டீசல் டேங்கின் காற்றுக் குழாய். இது சின்ன விஷயம் என்று நினைக்க வேண்டாம். பெட்ரோல் டேங்கின் காற்றுக் குழாயில் சிலந்தி வலை அடைக்கிறது என்று 2011-ல் மஸ்டா நிறுவனம் ஆயிரக்கணக்கான கார்களைத் திரும்ப வரவழைத்துச் சரிசெய்து கொடுத்தது, 2014-ல் மறுபடியும் அதே வேலை. படகில் அந்தக் குழாய் அடைத்தால் டீசல் சரியாக இறங்காமல் எஞ்சின் திணறும். அதனால் அதை ஊதிப் பார்த்துவிட்டு, வாயில் நெருக்கமான பித்தளை வலைத் துண்டு ஒன்றைக் கட்டுங்கள். மற்ற ஓட்டைகளை அடைக்கச் சொன்னேனே என்று இதையும் சிலிக்கான் வைத்து அடைத்துவிடாதீர்கள்.